வளைவுக்கு முன்னால் ஒரு வரிசை

திருகோணமலைக்கு நான் கொண்டுபோன சாமான்களில் சிப்பாய்க்குச் சந்தேகம் வந்தது மல்லிகைப் பதியன்கள் மீதுதான். பேருந்திலிருந்து எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார். மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பதியனின் மண்ணையும் குத்திப் பார்த்தார். இரண்டு தொட்டிகளைக் கவிழ்த்துத் தட்டினார். வேரைப் பற்றியிருந்த மண் சாலையில் கொட்டியது. நான் அதை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கோயம்புத்தூரில் லாரி நிறையச் செடி ஏற்றிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போயிருக்கிறேன். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எல்லார் கையிலும் அடையாள அட்டை, முகம் தெரியும் பக்கம் மேலாக. யாரும் உத்தரவிடவில்லை; இறங்கியதும் அவர்களாகவே அப்படிப் பிரிந்து நின்றார்கள். நான் ஆண்கள் பக்கம் போய் நின்றுவிட, ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினார். "இதில நில்லுங்கோ பிள்ளை. கேட்டால் மட்டும் கதையுங்கோ" என்றார். சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடுபவரின் குரல்.

போர்நிறுத்தம் காகிதத்தில் மட்டும் மிச்சமிருந்த காலம் அது. வெளிநாடுகளில் குடியேறிய திருகோணமலைக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஊரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குத் தோட்டம் அமைக்கும் வேலையை எங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். மறதிநோய் வந்தவர்கள் பயமில்லாமல் நடமாடுவதற்கான தோட்டம். தோட்டம் வடிவமைப்பதுதான் என் படிப்பு. மருத்துவமனைகளுக்குச் செய்து பழக்கமும் இருந்தது. பையில் வரைபடம், தலைக்குள் பட்டியல்: முட்டுச்சந்து இல்லாத வட்டப் பாதை, குனியாமல் தொடுகிற உயரத்தில் பாத்திகள், வாசனைச் செடிகள், கைப்பிடி, நிழல், நச்சுச்செடி எதுவும் கூடாது, அதனால் அரளி வேண்டாம், தெருவாசல் கண்ணில் படாதபடி அடர்ந்த வேலி.

இல்லத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் பிலோமினா இந்தக் கடைசி அம்சத்துக்காகத்தான் என்னை எதிர்பார்த்திருந்தார். உள்துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஓட்டுக் கூரை போட்ட பழைய வீடு. பின்னால் நல்ல விசாலமான வெறும் மண். விறாந்தையில் உட்காரவைத்துப் பிளேன்ரீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும் தந்தார். எதிரே ஒரு பெரியவர் கதிரையில் இருந்தார். சவரம் செய்த முகம், துவைத்த சட்டை, பையில் அடையாள அட்டை. நான் வணக்கம் சொன்னேன். அவர் கையைத் தூக்கவில்லை. பிறகுதான் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டுகளும் பருத்திச் சேலையைக் கிழித்த நாடாக்களால் கதிரைக் கைகளோடு கட்டப்பட்டிருந்தன.

"காலமையில மட்டும்தான் பிள்ளை. மத்தியானம் அவிட்டு விட்டிடுவம்" என்றார் சிஸ்டர்.

அவர் பெயர் மகேந்திரம். வேலை பார்த்த காலமெல்லாம் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகை ஓட்டியவர். விடிந்தால் இன்றும் வேலைக்குப் புறப்படுகிறார். தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கிய காவலரண் இருக்கிறது. ஊரார் அதைச் சென்றி என்கிறார்கள். போன மாதம் ஒரு காலை, நில் என்று அங்கிருந்து கத்தியும் அவர் நிற்காமல் நடந்திருக்கிறார். சிப்பாய் துவக்கை நீட்டிவிட்டான். பாண், அதாவது ரொட்டி, விற்கிறவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி இவரைக் கட்டிப் பிடித்திருக்கிறார்.

"அவனும் சின்னப் பொடியன், அவனுக்கும் பயம். அடுத்த முறை பாண்காரன் நிப்பானோ தெரியாது" என்றார் சிஸ்டர். "உங்கட தோட்டம் இவரை உள்ளுக்க வச்சிருந்தால் நான் கட்டமாட்டன். இல்லாட்டிக் கட்டத்தான் வேணும். எனக்கு இவர் உயிரோட இருக்கவேணும்."

நாடாக்கள் மென்மையாக இருந்தன. மகள் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து தானே கிழித்துக் கொடுத்தாராம், முரட்டுத் துணி தோலை உரிக்கும் என்று.

மறுநாள் காலை உணவு பிட்டும் மீன் சொதியும். எங்கள் பக்கத்தில் புட்டுக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும்தான். மீனோடு சாப்பிடலாம் என்று எனக்குத் தெரியாது. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிய ரஞ்சி அங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவள், என் வயதுதான் இருக்கும். நான் வரைபடத்தை விரித்ததும் எட்டிப் பார்த்தாள். "உங்கட இந்தியாவில அறளை பேந்தவைக்கும் பூந்தோட்டமோ? இங்க அறளை பேராத எங்களுக்கே ஒண்டும் இல்லை" என்றாள். வயதில் புத்தி தடுமாறுவதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சிஸ்டர் முறைத்தார். ரஞ்சி இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

அன்று நட்ட பதியன்களில் பாதி அடுத்த நாள் காலையில் இல்லை. குச்சிகள் மட்டும் நின்றன. கோட்டைப் பக்கத்து மான்கள் என்றார்கள். இந்த ஊரில் புள்ளிமான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரிகின்றன, பேருந்து நிலையத்தில் படுத்து அசைபோடுகின்றன. "அதுகளுக்கு மட்டும்தான் இங்க பாஸ் தேவையில்லை" என்றாள் ரஞ்சி. என் பட்டியலில் மான் என்ற வரி இருக்கவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

எருவுக்காகக் கிண்ணியா போக வேண்டியிருந்தது. ஓட்டோக்காரர் பாறூக் நானா கிண்ணியாவில் பிறந்தவர். எருமைப் பட்டிக்கே கூட்டிப்போய் உலர்ந்த எருவை மூட்டை கட்டித் தந்தார். அவருடைய தங்கை வீட்டில் சட்டியோடு தயிரை முன்னால் வைத்தார்கள். கத்தியால் வெட்டலாம் போல இறுகிய தயிர், மேலே கித்துள் பாணி என்கிற பனைப்பாகு. திரும்பி வரும்போது, வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுப்பாதையை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டோவில் எரு மூட்டைகளோடு மத்தியானம் முழுக்கத் துறையில் கிடந்தோம். பிறகு சிப்பாய்கள் வந்து மூட்டைகளைக் கம்பியால் குத்தினார்கள். பாறூக் நானா என்னிடம் தணிந்த குரலில், "குத்தட்டும் மிஸ். கம்பிய மணந்து பார்த்தா தெரிஞ்சுரும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த அளவுக்குப் பழகியிருந்தேன்.

எதிரே கடல் அசையாமல் இருந்தது. இத்தனை பெரிய இயற்கைத் துறைமுகத்தை நான் வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன். நேரில் பார்க்கும்போது அது தண்ணீராகத் தெரியவில்லை. போகக்கூடாத இடமாகத்தான் தெரிந்தது. மூதூர்ப் பக்கம் கை காட்டி, லோஞ்சு இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டேன். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, அதைக் கடலும் தீர்மானிப்பதில்லை என்றார் பாறூக் நானா.

வேலிக்காகச் செவ்வரத்தை என்கிற செம்பருத்திக் கன்றுகளை நெருக்கமாக நட்டுக்கொண்டிருந்தபோது அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். மரியாதையாகவே பேசினார். தெருவைப் பார்த்த பக்கம் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக்கூடாது. சென்றியிலிருந்து முற்றம் தெரியவேண்டும். இது நோயாளிகளுக்கான வேலி, வாசல் கண்ணில் பட்டால் அவர்கள் போகத்தான் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். அன்று மாலையே கன்றுகளைப் பிடுங்கினோம். இடுப்பளவு கம்பி வேலி வழியே தெரு அப்படியே தெரிந்தது. தெருமுனையும், அதில் மணல் மூட்டைகளும்.

மறைக்க முடியாவிட்டால் இழுக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் அடுத்த வழி. விறாந்தையிலிருந்து இறங்கினால் வாசலுக்கு முன்பே வேறொன்று கண்ணில் பட வேண்டும், கால் அங்கே போக வேண்டும். முற்றத்தின் பின்பக்கம், தெருவுக்கு எதிர்த்திசையில், ஒரு வளைவு வைக்கத் தீர்மானித்தேன். தண்ணீர்க் குழாயை வளைத்து இரண்டு பக்கமும் ஊன்றி, மேலே மல்லிகை படரவிடுவது. அதன் வழியே நுழைந்தால் கிறவல் போட்ட செம்மண் பாதை பாத்திகளைச் சுற்றி வளைந்து விறாந்தைக்கே திரும்பிவரும். அந்தப் பக்கத்துக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை.

ஊன்றிய குழாய்கள் சீமெந்து இறுகும்வரை ஆடக்கூடாது. மேசன் வெற்று உரப்பைகளில் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு அடுக்கினார். யாரும் மோதிவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு மூங்கிலும் வைத்தார். ஒவ்வொன்றும் சரியான வேலை. நானே பார்த்துத் தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிவந்தோம். இருபது பேர் வரை. மகேந்திரத்தின் கட்டையும் ரஞ்சி அவிழ்த்தாள். வளைவு உடனே கண்ணில் பட்டது. நான் கணித்தபடியே எல்லாரும் அதை நோக்கி நடந்தார்கள். அருகே போனதும் நின்றார்கள். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். சட்டைப் பைகளிலிருந்தும், இடுப்புச் செருகலிலிருந்தும், மார்புக்குள்ளிருந்தும் அடையாள அட்டைகள் வெளியே வந்தன. முகம் தெரியும் பக்கம் மேலாக.

தங்கள் பிள்ளைகளின் பெயர் மறந்தவர்கள் அவர்கள். காலையில் குளித்தோமா என்பது தெரியாதவர்கள். அந்த வரிசை ஒரு துளி கோணாமல் நின்றது.

வெயில் ஏறியது. ஒருவரும் அசையவில்லை. அட்டை இல்லாத ஒரு பாட்டி மட்டும் அழத் தொடங்கினார். ரஞ்சி என்னைப் பார்த்தாள். "மிஸ், சென்றியெல்லோ கட்டி வச்சிருக்கிறீங்கள்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

வேறு வழி தெரியாமல் அவளே வளைவுக்குள் போய் நின்றாள். தெருவில் தினமும் கேட்பதைத்தான் சொன்னாள்: "இண்டைக்குப் பாதை பூட்டு. எல்லாரும் திரும்பிப் போங்கோ." உடனே திரும்பினார்கள். முணுமுணுப்புகூட இல்லை. மகேந்திரமும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே விறாந்தைக்குப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார். அன்று அவர் வாசல் பக்கம் போகவில்லை.

மூட்டைகளையும் மூங்கிலையும் எடுத்துவிடச் சொன்னேன். சிஸ்டர் தடுத்தார். சீமெந்து இறுகட்டும் என்றார். உண்மையான காரணம் அதுவல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்தடுத்த காலைகளிலும் அதுவே நடந்தது. வரிசை, அட்டை, பாதை பூட்டு, திரும்புதல். ரஞ்சிக்கு ஒரு கதிரைகூடப் போட்டுக் கொடுத்தார்கள். மகேந்திரத்தைக் கட்டவில்லை. சிஸ்டர் நாடாக்களைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்தார், எறியவில்லை. ஆனால் திரும்பிப் போனவர்கள் பிறகு நாள் முழுக்க வெளியே வரவில்லை. பாதை பூட்டியிருக்கும்போது யார் வருவார்கள்? கற்பூரவள்ளியும் துளசியும் தளிர்விட்டன, மான் வராமல் மேலே வலை கட்டியிருந்தேன். தொட ஒரு கையும் இல்லை. என் தொழிலில் வெற்றி என்று எதைச் சொல்வோமோ அதன்படி அது வெற்றி: யாரும் வெளியேறவில்லை. நான் மத்தியானங்களில் வெறும் பாதையில் தனியாக நடந்து, கிறவல் எங்கே இளகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலாவெளிப் பாதை சில நாட்களாக மூடியிருந்தது. திறந்த அன்று முதல் பஸ்ஸில் மகேந்திரத்தின் மகள் தேவகி வந்து சேர்ந்தார். நிலாவெளியில் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டியவர். கையில் அப்பாவுக்குப் பிடித்த சின்ன வெங்காயச் சம்பலும் இடியப்பமும் இருந்தன. அவர் படியேறியபோது முற்றத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அப்பா அட்டையை நீட்டுவதையும், ரஞ்சி தலையாட்டி மறுப்பதையும், அப்பா திரும்புவதையும் பார்த்தார். மகேந்திரம் அவரைக் கடந்துதான் போனார். யாரோ ஒரு பெண்ணுக்கு வழிவிடுவதைப் போல ஒதுங்கிப் போனார்.

தேவகி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஊரெல்லாம் இருக்கிறது காணாதெண்டு இதுக்குள்ளயும் ஒண்டு கட்டினனீங்களோ?"

சீமெந்து இறுகிவிட்டது, இன்று மத்தியானமே எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறேன் என்றேன். 

"பிரிச்சால் நான் திரும்பவும் கட்டவேணும் ரீச்சர்" என்றார் சிஸ்டர். "அப்பாவின்ர கையை ஒருக்காப் பாருங்கோ."

தேவகி விறாந்தைக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் குந்தி, மணிக்கட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். கட்டிய தடம் மங்கத் தொடங்கியிருந்தது. அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. யாரோ சோதனை போடுகிறார்கள் என்று நினைத்து, மற்றக் கையையும் நீட்டிக் கொடுத்தார். 

பிறகு எழுந்து முற்றத்துக்கு நடந்தார். ரஞ்சியைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். விறாந்தையைப் பார்த்து, "பாதை திறந்தாச்சு. வாறவை வரலாம்" என்று வகுப்பறைக் குரலில் சொன்னார். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். மறுபடி வரிசை. மகேந்திரம் முன்னால் நின்றார்.

"ஐசியைக் காட்டுங்கோ ஐயா."

அவர் நீட்டினார். தேவகி அதை வாங்கி, சென்றியில் பார்ப்பதைப் போல முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்கவில்லை. அது அப்பாவுக்குத் தெரியாது. தானே வாசித்தார்.

"மகேந்திரம்?"

"ஓம்."

"எங்க போறீங்கள்?"

"லோஞ்சுக்கு. ஆக்கள் காத்துக்கொண்டு நிப்பினம்."

சிஸ்டர் பின்னாலிருந்து, "ரீச்சர், இதில விட்டுப் பழக்கினால் றோட்டிலயும் விடுவினம் எண்டு நினைப்பார்" என்றார்.

"தெரியும் சிஸ்டர்" என்றார் தேவகி. திரும்பிப் பார்க்கவில்லை. "விடாமலே இருந்தாலும் ஒருநாள் அங்க போவார். இதிலயெண்டாலும் ஒரு ஆள் அவரைப் போ எண்டு விடட்டும்." மூங்கிலைத் தூக்கினார். "போங்கோ ஐயா."

மகேந்திரம் உடனே போகவில்லை. இரண்டு பக்க மூட்டைகளையும் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, வளைவு தலைக்கு மேல் நல்ல உயரத்தில் இருந்தும் குனிந்து, உள்ளே போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். அட்டை இல்லாத பாட்டியிடம் தேவகி ஒன்றும் கேட்கவில்லை.

வரைபடத்தில் நான் போட்ட கோடுகளின்மேல் முதன்முதலாக ஆட்கள் நடந்தார்கள். ஒருவர் பாத்தியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். அட்டை இல்லாத பாட்டி துளசியைக் கிள்ளிக் காதில் செருகிக்கொண்டார். மகேந்திரம் எதையும் தொடவில்லை, வேலைக்குப் போகிறவரின் நடை. பாதை வளைந்து முடிந்த இடத்தில், கட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். துறைமுகம் அங்கிருந்து தெரியாது. தெரிவதைப் போல அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, திரும்பவும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

மூட்டைகளை நான் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் என் வரைபடம் சரியாக இருந்திருக்கும். தேவகி வராத நாட்களில் ரஞ்சி உட்கார்ந்து, போங்கோ என்று சொல்ல வேண்டும் என்று முடிவானது. முதல் நாள் அவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. அப்படி யாரும் தன்னிடம் சொல்லிக் கேட்டதில்லை என்றாள். மகேந்திரம் அதற்குப் பிறகு தெருவாசலுக்குப் போகவில்லையா என்றால், நான் இருந்தவரை ஒரு நாள் காலையில் போனார். ரஞ்சி ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். சிஸ்டர் அலுமாரியைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

நான் புறப்படும் நாளில் தேவகி வந்திருந்தார். பாதை மறுபடி மூடப்படும் என்று ஊரில் கதை. வெளியே கடைகள் பாதிக் கதவோடு இருந்தன. பாறூக் நானா ஓட்டோவோடு வாசலில் அவசரப்படுத்தினார். நான் கடைசியாக ஒரு தடவை குழாய்களை ஆட்டிப் பார்த்தேன். மல்லிகை முழங்கால் உயரம் ஏறியிருந்தது. மகேந்திரம் வரிசையில் முன்னால் வந்து அட்டையை நீட்டினார். அன்று வழக்கமில்லாமல் அவராகவே கதைத்தார்.

"பிள்ளை இங்க புதுசோ?"

"ஓம் ஐயா" என்றார் தேவகி.

"மற்றவள் முந்தி விடமாட்டாள். நீங்கள் நல்ல பிள்ளை." கொஞ்சம் யோசித்தார். "வீடு எங்க?"

"நிலாவெளி."

"தூரமெல்லோ. பஸ் நிக்கமுன்னம் வேளைக்கு வெளிக்கிடுங்கோ. அப்பா தேடிக்கொண்டு நிப்பார்."

தேவகி அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதைத் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "ஓம், போறன்" என்றார். மூங்கிலைத் தூக்கிப் பிடித்து, அவர் குனிந்து கடந்து போகும்வரை அப்படியே வைத்திருந்தார். பின்னால் நின்றவர் தன் அட்டையை நீட்டினார்.